கண்டியின் பெர்ஃபியூஷன் சனி வகுப்பு: பம்ப் மேசைக்குப் போகலாம், மேடைப் பேச்சுக்கு வேண்டாம்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்து மூன்று பாடமும் சித்தி பெற்று, இசட் புள்ளி மட்டும் மருத்துவபீடத்துக்கு எட்டாமல் நின்றுபோன பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்து என்ன என்ற கேள்வி இரவுச் சாப்பாட்டோடு சேர்ந்தே வரும். தாதியியல், மருந்தகவியல், கதிர்ப்படவியல் என்று பட்டியல் ஓடும். அந்தப் பட்டியலின் கடைசியில், இதயச் சத்திரசிகிச்சையில் இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓட்டும் வேலையான பெர்ஃபியூஷனையும் சேர்த்து, அதற்கென்றே கண்டி நகரில் ஒரு தனியார் வகுப்பு நடக்கிறது. பன்னிரண்டு சனிக்கிழமை, காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை, தமிழ் மொழிமூலம், கட்டணம் 48,000 ரூபா. ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். வகுப்பின் பெயரை இங்கே போடவில்லை. இதே வார்ப்பில் இன்னும் வரும். எதைப் பார்த்துக் காசு கட்டுவது என்று தெரிந்தால் போதும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பன்னிரண்டில் நான்கு நாள் நடக்கும் பம்ப் மேசைப் பயிற்சி, கொடுத்த காசுக்கு மேல் பெறுமதி. கணக்கு வகுப்பு பாதி நல்லது. கையில் கொடுக்கும் குறிப்புப் புத்தகத்தில் ஆபத்தான பிழை ஒன்று இருக்கிறது. தொழில் வழிகாட்டல் என்று நடப்பதைக் கேட்காவிட்டால் நட்டமில்லை.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு நான்கு வரி. இதயத்தை நிறுத்திவைத்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது, உடம்பிலிருந்து திரும்பும் குருதி நாளக் குழாய் வழியாக ரிசர்வோயர் என்ற தேக்கக் கலத்துக்கு இறங்குகிறது. அங்கிருந்து பம்ப் அதைத் தள்ள, வெப்பப் பரிமாற்றி, குருதிக்கு ஒட்சிசன் ஏற்றும் ஒக்ஸிஜனேட்டர், நுண்வடி எல்லாவற்றையும் தாண்டிப் பெருநாடிக்குப் போய்ச் சேருகிறது. அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஓட்டம், வாயு, வெப்பநிலை, குருதி உறையாமை நான்கையும் பிடித்துவைத்திருப்பவர் பெர்ஃபியூஷனிஸ்ட். மலையகத்து நோயாளிகளுக்கு இது நடக்கும் கிட்டிய இடம் கண்டி தேசிய வைத்தியசாலை.

முதல் இரண்டு சனிக்கிழமையும் வரலாறும் உடற்கூற்றியலும். 1953 மே 6இல் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் 26 நிமிடம் இயந்திரத்தில் வைத்து முதல் வெற்றியைக் கண்டது, அடுத்த வருடம் லில்லிஹை தகப்பனையோ தாயையோ பிள்ளையோடு குழாயால் இணைத்து இயந்திரம் இல்லாமலே செய்தது என்று கதை நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அரை நாளில் முடிக்கவேண்டியதை இரண்டு நாளுக்கு இழுக்கிறார்கள். இதய அறை, வால்வு எல்லாம் உயர்தரத்தில் படித்த அதே படம். அந்த இரண்டு நாளில் உருப்படியானது ஒன்று மட்டும்: பௌதிகவியலில் படித்த புவாசேயின் சமன்பாட்டை, குருதிக்கலனுக்குள் செருகும் குழாயான கனியூலாவுக்குப் பொருத்திக் காட்டுவது. ஓட்டம் ஆரையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். பிரெஞ்சு என்பது குழாயின் விட்டத்துக்கான அளவு. 18 பிரெஞ்சுக்குப் பதிலாக 20 பிரெஞ்சுக் கனியூலா போட்டால் விட்டம் ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதே அமுக்கத்துக்கு ஓட்டமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுழிப்பு ஓட்டத்தில் இந்தக் கணக்கு அப்படியே நிற்காது என்பதையும் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, பௌதிகவியலை வெறுத்துக்கொண்டு வந்த பிள்ளை நிமிர்ந்து உட்காருகிற இடம் இது.

மூன்றாம் வாரத்திலிருந்து மேசை. நோயாளி கட்டிலுக்குப் பதிலாக ஒரு மரப் பலகை, அதன்மேல் நோயாளியாக ஒரு பிளாஸ்டிக் பை, கீழே பழைய ரோலர் பம்ப் ஒன்று, திகதி முடிந்த ஒக்ஸிஜனேட்டரும் குழாய்ப் பொதியும். பார்க்க ஏதோ கராஜ் போல இருக்கும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நாளக் குழாயோடு தொடங்குகிறார்கள். குருதி கட்டிலிலிருந்து ரிசர்வோயருக்கு இறங்குவது புவியீர்ப்பால். மட்ட வித்தியாசம் 40 முதல் 70 செ.மீ. வரை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் போட்டுப் பீலிக்குத் தண்ணீர் இறக்கிய லயங்களில், நடுவில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும் என்பதும், குழாயை முழம் முழமாகத் தூக்கிக் காற்றைக் கீழே ஓட்டவேண்டும் என்பதும் பத்து வயதிலேயே தெரிந்த சங்கதி. நாளக் குழாயின் காற்றடைப்பும் அதுவேதான். கட்டில் பக்கத்திலிருந்து ரிசர்வோயர் பக்கமாகக் குழாயைத் தூக்கித் தூக்கிக் காற்றை நடத்துவதை இந்த வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையாலும் செய்விக்கிறார்கள். அதைச் செய்துகொண்டிருக்கும்போதே மற்றக் கை பம்பின் வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பதையும் விடாமல் சொல்கிறார்கள். வரவு நின்றபின் செலவு ஓடினால் ரிசர்வோயர் வற்றிவிடும். காற்று எங்கிருந்து வந்தது என்று தேடுவது அதற்குப் பிறகு. பெரும்பாலும் கனியூலாவைச் சுற்றிய தையல் தளர்ந்திருக்கும். அதைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் இறுக்கவேண்டும், வாய் திறந்து கேட்கவேண்டியது இயந்திரக்காரர்.

அடுத்தது உருளையின் இறுக்கம். ரோலர் பம்பில் இரண்டு உருளைகள் குழாயை அழுத்திக்கொண்டு சுற்றும். அழுத்தம் கூடினால் செங்குழியங்கள் நசுங்கி உடையும், குழாயின் உட்சுவரும் துகளாக உதிரும். குறைந்தால் குருதி பின்னோக்கி வழியும், திரை காட்டும் ஓட்டம் பொய்யாகும். வெளியேறும் குழாயை நிமிர்த்தி 75 செ.மீ. உயரத்துக்குத் திரவத்தை ஏற்றி, உருளையை நிறுத்திவைத்துப் பார்க்கவேண்டும். மட்டம் நிமிடத்துக்கு 2.5 செ.மீ. அளவில் மெல்ல இறங்கினால் சரி. அசையாமல் நின்றால் இறுக்கம் அதிகம். இதை இரண்டு உருளைக்கும் தனித்தனியே செய்யவேண்டும். ஒன்றுக்குச் சரிபார்த்துவிட்டு மற்றதை விடுவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு, இங்கே அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிறார்கள். அளவுகோலும் நிறுத்தற்கடிகாரமும் வைத்து அளக்கச் சொல்வது எங்களுக்குப் பிடித்தது. கண் மதிப்புக்கு விடவில்லை.

இன்னொரு நல்ல பாடம், திரையை நம்பாதே என்பது. அந்த அளவு பம்பில் அரை அங்குலக் குழாய் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 45 மில்லிலீற்றர் தள்ளும். 3/8 அங்குலக் குழாய் 27 மட்டுமே. உள்ளே 3/8 குழாயைப் போட்டுவிட்டுத் திரையில் அரை அங்குலம் என்று அமைத்துவிட்டால், நிமிடத்துக்கு 100 சுற்றில் திரை 4.5 லீற்றர் என்று சொல்லும், நோயாளிக்கு 2.7 தான் போகும். வேண்டுமென்றே இப்படி மாற்றி வைத்து, ஓடிய தண்ணீரை அளவுச் சாடியில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த ஒரு பயிற்சிக்காகவே பஸ் காசு கொடுக்கலாம்.

வென்ட் குழாயின் திசையும் அப்படித்தான். இடது இதயத்திலிருந்து உறிஞ்சவேண்டிய குழாயைப் பம்பில் தலைகீழாகப் போட்டால் அது காற்றை உள்ளே ஊதும். மேசைக்கு அனுப்புமுன் நுனியைக் கிண்ணத்துத் தண்ணீரில் வைத்து, உறிஞ்சுகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். குமிழி வந்தால் கதை முடிந்தது.

குறை சொல்லவேண்டியது தயார்ப்படுத்தும் ஒழுங்கில். இங்கே சுற்றைத் திரவத்தால் நிரப்பிவிட்டு, அதற்குப் பிறகு வெப்பப் பரிமாற்றிக்குத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். இது தலைகீழ். தண்ணீர்ச் சோதனை உலர்ந்த ஒக்ஸிஜனேட்டரில் நடக்கவேண்டும்: முதலில் தண்ணீர்க் குழாய்களைப் பூட்டி ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, குருதிப் பக்கம் ஒரு துளி ஈரமும் இல்லை என்று பார்த்த பிறகே நிரப்பவேண்டும். நிரப்பிய பின் பார்த்தால் கசிவு எப்படித் தெரியும்? உள்ளே இருப்பதும் தண்ணீர், வருவதும் தண்ணீர். வெப்பமாக்கும் தொட்டியின் தண்ணீர் கிருமியற்றதல்ல. அது குருதியில் கலந்தால் செங்குழியமும் உடையும், தொற்றும் வரும். கேட்டால் "நேரம் மிச்சம்" என்கிறார்கள். பழக்கம் முதல் நாளில் எப்படிப் பதிகிறதோ அப்படியே கையில் நிற்கும் என்பதால் இதைச் சிறு குறையாக எடுக்க முடியவில்லை.

காபனீரொட்சைட்டு ஊதுவதைப் படமாக மட்டும் காட்டிவிட்டு விடுகிறார்கள். வாயு சிலிண்டர் வாங்கக் காசில்லை என்றால் புரிந்துகொள்ளலாம், காரணத்தையாவது சொல்லலாம். நிரப்புமுன் சுற்றிலுள்ள காற்றைக் காபனீரொட்சைட்டால் வெளியேற்றுவது, அது ஒட்சிசனைவிட இருபது மடங்குக்கு மேல் நீரில் கரையும் என்பதால். மூலையில் ஒளிந்த குமிழி காற்றாக இருந்தால் தட்டித் தட்டிக் கை வலிக்கும். காபனீரொட்சைட்டாக இருந்தால் தானே கரைந்துபோகும்.

குருதிக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் பாவிக்கிறார்கள். தண்ணீர் மெலிந்தது, அமுக்க மானி எப்போதும் நல்ல செய்தியே சொல்லும். மூன்று பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு கிளிசரின் கலந்தால் பாகுத்தன்மை குருதிக்கு ஏறக்குறையச் சமமாகும், கனியூலாவைக் கிளாம்பால் பாதி நெரித்தால் குழாய் அமுக்கம் எப்படி ஏறுகிறது என்று உண்மையாகவே தெரியும். பெரிய செலவில்லை.

ஒரு பம்புக்கு இருபத்து நான்கு பிள்ளைகள். நான்கு நாளில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் எப்படிப் பார்த்தாலும் ஒரு மணித்தியாலத்தைச் சுற்றித்தான். முன்வரிசையில் நிற்பவருக்கு அதைவிடக் கூட. பின்னால் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தால் கிடைப்பது குறிப்பு மட்டும்.

இனிக் கணக்கு. நான்கு சனிக்கிழமை. உடற் பரப்பு, ஓட்டம், குருதியை உறையவிடாத மருந்தான ஹெப்பரினின் அளவு, ஹெமட்டோக்கிரிட் (குருதியில் செங்குழியம் எத்தனை வீதம் என்பது) எவ்வளவு இறங்கும் என்பவை பாடம். சூத்திரங்கள் சரி, பலகையில் படிப்படியாகப் போடுகிறார்கள், கல்குலேட்டர் இல்லாமல் மட்டுக்குச் சொல்லவும் பழக்குகிறார்கள். உயரத்தைச் செ.மீ.இலும் எடையைக் கிலோவிலும் பெருக்கி 3600ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடற் பரப்பு, அதை 2.4ஆல் பெருக்கினால் சாதாரண உடல் வெப்பநிலையில் நிமிடத்துக்குத் தேவையான லீற்றர்.

சிக்கல், எடுத்துக்காட்டு நோயாளி எப்போதும் 70 கிலோ ஆண் என்பது. வாத இதயநோயால் மைற்றல் வால்வு சுருங்கி, கொழுந்து பறித்துப் பறித்தே மெலிந்துபோன ஒரு பெண்ணை எடுத்துப் பாருங்கள். 148 செ.மீ., 38 கிலோ, ஹெமட்டோக்கிரிட் 30. உடற் பரப்பு 1.25 சதுர மீற்றர், ஓட்டம் 3.0 லீற்றர். கிலோவுக்கு 65 மில்லிலீற்றர் என்று வைத்தால் குருதிக் கனவளவு 2,470 மில்லிலீற்றர், அதில் செங்குழியம் 741. சுற்றை நிரப்ப 1,500 மில்லிலீற்றர் திரவம் போனால் 741ஐ 3,970ஆல் வகுக்கவேண்டும்: 18.7 வீதம். 70 கிலோ ஆணுக்கு அதே 1,500 ஒரு பொருட்டே அல்ல. நிரப்பும் அளவை 900க்கு இறக்கினால் 22 வீதத்தில் நிற்கும். எப்படி இறக்குவது? அரை அங்குல நாளக் குழாய் ஒரு மீற்றருக்கு 127 மில்லிலீற்றர் பிடிக்கும், 3/8 அங்குலம் 71, கால் அங்குலம் 32. இயந்திரத்தைக் கட்டிலுக்குக் கிட்ட நகர்த்தி அரை அங்குலக் குழாயில் ஒன்றரை மீற்றரை வெட்டினால் 190 மில்லிலீற்றர் மிச்சம். இரண்டு மீற்றர் நாளக் குழாயை 3/8க்கு மாற்றினால் இன்னும் 110. சிறிய ஒக்ஸிஜனேட்டர், தொடங்கும் நேரத்தில் நோயாளியின் குருதியாலேயே குழாய்த் திரவத்தைப் பின்னுக்குத் தள்ளி எடுப்பது, இவை மீதியைக் கொடுக்கும். அல்லது 60 வீதச் செறிவுள்ள செங்குழியப் பொதி ஒன்றை, 300 மில்லிலீற்றர், திரவத்துக்குப் பதிலாகப் போட்டால் 1,500உடனேயே 23.2 வரும், ஆனால் அது இன்னொருவரின் குருதி.

இந்தக் கணக்கு ஒன்றுகூட வகுப்பில் இல்லை. கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் வரும் பொறியும் இல்லை. இதயத்தை நிறுத்தச் செலுத்தும் கலவைதான் கார்டியோபிளீஜியா. அதில் ஒரு வகையான டெல் நிடோ கிலோவுக்கு 20 மில்லிலீற்றர் என்றால் இந்தப் பெண்ணுக்கு 760. அதில் ஐந்தில் நான்கு பங்கு, 608 மில்லிலீற்றர், வெறும் திரவம். அது இதயத்தைக் கழுவிவிட்டு ரிசர்வோயருக்கே திரும்பினால், 22 என்று கணித்து வைத்த ஹெமட்டோக்கிரிட் 18.6க்கு வந்து நிற்கும். தனியே உறிஞ்சி அகற்றுவதா, வடிகட்டியால் நீரை எடுப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கவேண்டும். மலையகத்துப் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு மலையகத்து நோயாளியின் எடையைப் பலகையில் எழுதாமல் விடுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

குறிப்புப் புத்தகத்தின் பிழைக்கு வருவோம். குருதி கார்டியோபிளீஜியா பொதுவாக நான்கு பங்கு குருதிக்கு ஒரு பங்கு கரைசல். டெல் நிடோ இதற்கு நேர் எதிர்: ஒரு பங்கு குருதிக்கு நான்கு பங்கு கரைசல். புத்தகத்தில் இரண்டுக்கும் 4:1 என்றே அச்சாகி, பக்கத்தில் குருதி முதலில் என்று விளக்கமும் இருக்கிறது. இதை நம்பிப் பம்பைப் பூட்டினால் என்ன ஆகும்? ஒரு லீற்றர் அடிப்படைத் திரவத்துக்கு 26 மில்லிசமவலு பொற்றாசியம் சேர்த்த கரைசல் அது; அடிப்படைத் திரவத்தில் ஏற்கனவே உள்ள 5ஐயும் கூட்டினால், சரியான விகிதத்தில் இதயத்துக்குப் போகும் கலவையில் லீற்றருக்கு ஏறக்குறைய 24 இருக்கும். விகிதம் புரண்டால் 9. அந்த அளவுக்கு இதயம் ஒழுங்காக நிற்காது, நிற்காத இதயம், பெருநாடியைக் கிளாம்பால் அடைத்து அதற்குக் குருதி போகாமல் இருக்கும் நேரத்தில் சக்தியைத் தின்றுகொண்டே கிடக்கும். மறுபுறமாக, குருதிக்கென்று செறிவாகத் தயாரித்த கரைசலை டெல் நிடோ விகிதத்தில் ஓட்டினால் பொற்றாசியம் நச்சளவுக்கு ஏறும். சேருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பேனாவால் திருத்திவிட்டு மீதியைப் படிக்கவும். டெல் நிடோவுக்கு உச்சம் ஒரு லீற்றர் என்ற எல்லையும் புத்தகத்தில் விடுபட்டிருக்கிறது.

ஹெப்பரின் பகுதி சுத்தம். கிலோவுக்கு 300 அலகு, ஏ.சி.டி. (குருதி உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் சோதனை) 480 செக்கன் தாண்டாமல் பம்ப் தொடங்கக்கூடாது, அரை மணிக்கொரு தடவை மறுபடி பார்க்கவேண்டும், கடைசியில் ஹெப்பரினை முறிக்க 100 அலகுக்கு ஒரு மில்லிகிராம் புரோட்டமின். புரோட்டமின் மூன்றில் ஒரு பங்கு போவதற்குள் உறிஞ்சு குழாய்களை நிறுத்தாவிட்டால் ரிசர்வோயரே உறைந்துவிடும், பிறகு அவசரமாகத் திரும்பவும் பம்புக்குப் போக வழியிருக்காது என்று காரணத்தோடு சொல்கிறார்கள். வெப்பநிலையும் நன்று: சூடாக்கும்போது ஒக்ஸிஜனேட்டரிலிருந்து வெளியேறும் குருதி 37 பாகையைத் தாண்டக்கூடாது, உள்வரும் குருதிக்கும் அதற்கும் வித்தியாசம் 10 பாகைக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிவரும். சோடாப் போத்தலை வெயிலில் வைத்துக் காட்டியது போதும், வேறு படம் தேவைப்படவில்லை.

வாயு அமுக்க எண்களை எல்லாம் கடல் மட்டத்துக்கு மனப்பாடம் செய்யவைப்பது ஒரு வேடிக்கை. வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் 760 மி.மீ. இரசம், 500 மீற்றர் உயரக் கண்டியில் ஏறக்குறைய 715, 1,868 மீற்றர் நுவரெலியாவில் 600ஐ ஒட்டி. 60 வீத ஒட்சிசன் என்று வாயுக் கலப்பானைத் திருப்பினால் கொழும்பில் அது 456, கண்டியில் 430. நோயாளிக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் புத்தகத்து எண் வரவில்லை என்று ஒக்ஸிஜனேட்டரைக் குறை சொல்லுமுன் எந்த மலையில் நிற்கிறோம் என்று பார்க்கவேண்டும்.

எங்களுக்குக் கோபம் வருவது அவசர நிலைப் பாடத்தில். பன்னிரண்டு வாரத்தில் இதற்குக் கொடுத்தது கடைசி நாளின் முக்கால் மணித்தியாலம், அதுவும் படக்காட்சி. இந்தத் தொழிலில் ஆளை எடைபோடுவது அங்கேதான். ரிசர்வோயரில் 400 மில்லிலீற்றர் இருக்கும்போது நாளக் குழாய் மடங்கினால், நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓட்டத்தில் அது வற்ற 6 செக்கன். அதன் பிறகு பம்ப் அனுப்புவது காற்று. மட்ட எச்சரிக்கையை அணைத்துவைத்த மேசையில் வேறெந்த அறிவும் உதவாது.

காற்று பெருநாடிக் குழாய்க்குள் போய்விட்டால் பம்பை நிறுத்து, நாடி நாளக் குழாய் இரண்டையும் கிளாம்ப் போடு, உரக்கச் சொல், தலையைத் தாழ்த்து. காற்று எங்கிருந்து வந்தது என்று அடைத்து, குழாயைத் திரும்ப நிரப்பி, மேற்பெருநாளம் வழியாகப் பின்னோக்கிக் குளிர்ந்த குருதியை நிமிடத்துக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் அனுப்பி மூளைக்குப் போன காற்றைக் கழுவு. இந்த வரிசையை வாயால் அல்ல, கையால் பத்து முறை செய்திருக்கவேண்டும்.

மின்சாரம் போனால் கைப்பிடி. நிமிடத்துக்கு 3.7 லீற்றர் வேண்டும், ஒரு சுற்றுக்கு 45 மில்லிலீற்றர் என்றால் 82 சுற்று, நிற்காமல். இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்தால் தோள் சொல்லும். எதிர்த் திசையில் சுற்றினால் நோயாளியின் குருதியை உறிஞ்சி எடுப்பீர்கள், அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் தெரிந்திருக்கவேண்டும். இங்கே பம்பில் கைப்பிடி தொங்கிக்கொண்டே இருக்கிறது, ஒரு பிள்ளைக்கும் கொடுக்கவில்லை.

ஒக்ஸிஜனேட்டர் பழுதாவது பற்றி மட்டும் ஒரு நல்ல வரி விழுந்தது: நாடிக் குருதி கறுத்தால் முதலில் வாயுக் குழாயைப் பார், பிறகு கலப்பானைப் பார், ஒக்ஸிஜனேட்டரைக் குற்றம் சொல்வது கடைசியில். கழன்றுபோன பச்சைக் குழாய்க்காக ஒக்ஸிஜனேட்டரையே மாற்றப் போனால், சாதாரண வெப்பநிலையில் மூளை தாங்கும் மூன்று நான்கு நிமிடத்தை வீணாகச் செலவழிப்பீர்கள்.

மொழி பற்றி. தமிழில் நடத்துவது பெரிய உதவி, மறுப்பில்லை. ஆனால் குறிப்புப் புத்தகம் ஒவ்வொரு கருவிக்கும் புதிதாக ஒரு தூய சொல் படைத்திருக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் யாரும் அந்தச் சொல்லைப் பேசப்போவதில்லை. கண்டியில் காதில் விழுவது ஆங்கிலமும் சிங்களமும். "லைன் கிளாம்ப்", "ஃப்ளோ டவுன்", "ஒன் பைபாஸ்" இவ்வளவும்தான். சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்யவேண்டும்: நிபுணர் "ஃப்ளோ டவுன்" என்றால் "ஃப்ளோ டவுன்" என்று பதில், செய்து முடித்தபின் எத்தனை லீற்றர் என்று ஒரு வார்த்தை. இந்த எதிரொலிப் பழக்கத்தை ஒரு சனிக்கிழமை மேசையோடு சேர்த்துப் பழக்கியிருந்தால், கூச்சம் பாதி அங்கேயே உதிர்ந்திருக்கும். "சேர், கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லத் தயங்குகிற பிள்ளைக்கு எந்தச் சூத்திரமும் துணை வராது.

வழிகாட்டல் நாள். "நான்கு வருடம் இந்தியாவில், அப்படியே அமெரிக்கா" என்ற தொனியில் ஒரு முகவர் பேசுகிறார். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்கான இளமாணிப் பட்டம் இருக்கிறது என்பது உண்மை. மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும். வெளிநாட்டுச் சான்றிதழோடு போகிறவர்கள் தகுதிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அதைச் சொல்லாமல் விட்டார். அமெரிக்கப் பெர்ஃபியூஷன் சபையின் சான்றிதழ்த் தேர்வுக்கு அங்கே அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சித்திட்டத்தில் படித்திருக்கவேண்டும் என்பதையும் சொல்லவில்லை. இந்தியப் பட்டத்தைக் காட்டி நேரே உட்கார முடியாது. பேராதனையின் துணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் பெர்ஃபியூஷன் வரும் என்று நம்பிச் சேர்ந்தவர்களும் அன்று இருந்தார்கள். அங்கே இருப்பவை தாதியியல், மருத்துவ ஆய்வுகூடம், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படத் துறைகள்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இணைந்த வைத்தியசாலையில் வருடத்துக்கு எத்தனை திறந்த இதயச் சத்திரசிகிச்சை? ஒரு தொகுதியில் எத்தனை மாணவர்? உள்ளகப் பயிற்சியில் மாணவர் பம்பை ஓட்டுவாரா, பக்கத்தில் நிற்பாரா? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பார்த்தால் விடுதிக் கட்டணம் கட்டுவதா என்பது விளங்கும். முகவரிடம் இந்த மூன்றையும் ஒரு பெற்றோர் கேட்டபோது கிடைத்த பதில் "எல்லாம் பெரிய வைத்தியசாலைதான் ஐயா".

நடைமுறைக்கு: ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழி வருகிறவர்கள் விடியற்காலை பஸ் பிடித்தால்தான் 8.30க்கு மேசை முன்வரிசை. மண்டபம் மாடியில், மதியச் சாப்பாடு கொண்டுவருவது நல்லது. சொந்தமாக 30 செ.மீ. அளவுகோல் ஒன்று, நிறுத்தற்கடிகாரம் உள்ள போன், நனைந்தால் பரவாயில்லாத சட்டை. முழுக் கட்டணம் கட்டவேண்டும் என்பதில்லை: பம்ப் மேசை நான்கு நாளுக்கு மட்டும் 20,000 ரூபாவுக்குச் சேர்க்கிறார்கள், விளம்பரத்தில் போடுவதில்லை, கேட்டால் தருகிறார்கள். கேட்கும்போதே கைப்பிடியைச் சுற்ற விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள்.